வில்லியம்ஸ்பர்க்கில் ஒரே நாள்: பார்வையாளர் மையத்திலிருந்து எப்படித் தொடங்குவது?

கேள்வி: ஆற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் வாஷிங்டன் பகுதியிலிருந்து காரில் புறப்பட்டு, வர்ஜீனியாவில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்தில் மீட்டெடுக்கப்பட்டிருக்கும் வில்லியம்ஸ்பர்க்கைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். ஏறத்தாழ 150 மைல் தொலைவு என்பதால், போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் ஒன்பது மணிக்குள் பார்வையாளர் மையத்தை அடைந்துவிடலாம். என் பெற்றோர், மனைவி, பதினொரு வயது மகள், நான் என ஐந்து பேர் வருகிறோம்.

எங்கள் தேவைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. அப்பா வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எந்த ஊருக்குச் சென்றாலும், “இதில் எது உண்மையிலேயே பழையது, எது பின்னால் கட்டியது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து நடக்க இயலாது. மகளுக்குக் கொல்லர் பட்டறையையும் அச்சகத்தையும் பார்க்க வேண்டும். எனக்கோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருகிலுள்ள வரலாற்று ஊர்களான ஜேம்ஸ்டவுனையும் யார்க்டவுனையும் விட்டுவிடுவதா என்ற தயக்கம் இருக்கிறது.

பார்வையாளர் மையத்தில் எவ்வளவு நேரம் செலவிடுவது, அங்கு காட்டப்படும் அறிமுகப் படத்தைப் பார்க்க வேண்டுமா, பிறகு எந்த வரிசையில் செல்வது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: செங்கல்சுவர்

ஐயா, முதலில் ஜேம்ஸ்டவுனையும் யார்க்டவுனையும் இந்தப் பயணத்திலிருந்து நீக்கிவிடுங்கள். மூன்று ஊர்களையும் இணைக்கும் கலோனியல் பார்க்வே 23 மைல் நீளமுள்ள அழகான சாலைதான்; ஆனால் அது விரைந்து கடப்பதற்காக அமைக்கப்பட்ட சாலை அன்று. மேலும், ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் அங்கே இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன. 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய உண்மையான தீவு ஒன்று. அதற்கு அருகில் கப்பல்களின் மாதிரிகளோடு அமைக்கப்பட்டிருக்கும் அருங்காட்சியகம் மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு தேவை. அவசரத்தில் ஒன்றை நினைத்து மற்றொன்றுக்குப் போய்ச் சேருபவர்கள் பலர். முதன்முறை நானும் அப்படித்தான் போய் நின்றேன்.

இனி வில்லியம்ஸ்பர்க்கிற்கு வருவோம். வாகனத்தைப் பார்வையாளர் மையத்தில் நிறுத்துவதே சிறந்தது. அங்கு வாகன நிறுத்தத்திற்குக் கட்டணம் இல்லை. பழைய ஊரின் முதன்மைத் தெருவான டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவில் பகல் நேரத்தில் கார்களுக்கு அனுமதியும் இல்லை. மையத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை அன்றைய நிகழ்ச்சி நிரலைப் படிப்பது. எந்தப் பட்டறை திறந்திருக்கிறது, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு வழிகாட்டியுடன் சுற்றிப்பார்க்கலாம் என்பது நாளுக்கு நாள் மாறும். கொல்லர் பட்டறை என்றைக்கும் இயங்கும் என்று நம்பி மகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிரலைப் பார்த்த பிறகு கொடுங்கள். ஊருக்குள் சென்ற பின்னர் அடையாளம் எளிது. வாசலில் கொடி பறக்கும் கட்டடங்கள் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பவை. கொடி இல்லாத பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

தெருக்களில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுழைவுச்சீட்டு என்பது கட்டடங்களுக்குள்ளும் பட்டறைகளுக்குள்ளும் செல்வதற்காகத்தான். அரை நாள் மட்டுமே கிடைத்தவர்கள் சீட்டு வாங்காமல் நடந்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஆனால் வரலாற்று ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து வெளியே நிறுத்தி வைப்பது நியாயமாகாது.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க், தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் உறங்கிப்போன ஒரு சிற்றூராகிவிட்டது. 1926-இல் புரூட்டன் தேவாலயத்தின் பாதிரியாராக இருந்த குட்வினும் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரும் சேர்ந்து அதை மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் இன்று நீங்கள் காணும் கட்டடங்களில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நிற்பவை 90-க்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய நூற்றுக்கணக்கானவை பழைய அடித்தளங்களின் மேல் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை. வியப்பு என்னவென்றால், எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இரண்டு பெரிய கட்டடங்களும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஆளுநர் மாளிகை 1781 டிசம்பரில், அமெரிக்க விடுதலைப் போரின்போது நடந்த யார்க்டவுன் போரில் காயமுற்றவர்களுக்கான மருத்துவமனையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தபோது எரிந்துபோனது. இப்போது இருப்பது 1934-இல் திறக்கப்பட்டது. ஆனால் அதைக் கற்பனைக் கட்டடம் என்று ஒதுக்கிவிட இயலாது. தாமஸ் ஜெபர்சன் ஆளுநராக அங்கு வாழ்ந்தபோது தம் கையால் வரைந்த தளவரைபடம், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் 1929-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு செப்புத்தகடு, அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளம் ஆகிய மூன்றையும் கொண்டு எழுப்பியது அது. அந்தச் செப்புத்தகட்டில் அவ்வூரின் முதன்மைக் கட்டடங்கள் செதுக்கப்பட்டிருந்தன. தோட்டத்தைத் தோண்டியபோது அந்த மருத்துவமனையில் இறந்த 150-க்கும் மேற்பட்டோரின் கல்லறைகளும் வெளிப்பட்டன.

சட்டமன்றம் கூடிய கேப்பிட்டல் கட்டடத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 1705-இல் முடிக்கப்பட்ட முதல் கட்டடம் 1747-இல் எரிந்தது. அதே இடத்தில் 1753-இல் எழுந்த இரண்டாவது கட்டடமும் 1832-இல் எரிந்தது. மீட்டெடுத்தவர்கள் முதல் கட்டடத்தைப் பற்றிய சான்றுகளே கூடுதலாக இருந்ததால் அதையே மீண்டும் கட்டினார்கள். ஆனால் 1765-இல் அச்சிட்ட தாள்களுக்கு வரி விதித்த பிரிட்டனின் முத்திரைச் சட்டத்திற்கு எதிராகப் பேட்ரிக் ஹென்றி முழங்கியதும், 1776 மே 15 அன்று விடுதலையை முன்மொழியுமாறு, குடியேற்றங்களின் பொதுப் பேரவையான கண்டப் பேராயத்தில் இருந்த வர்ஜீனியாவின் பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடப்பட்டதும் இரண்டாவது கட்டடத்தில் நடந்தவை. ஆகவே, அங்கே நிற்கும்போது இடம் சரி, கட்டடம்தான் வேறு. உங்கள் அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வழிகாட்டியிடம் கேட்பதற்கு அவரிடம் நல்ல கேள்விகள் இருக்கும்.

உண்மையிலேயே பழையவை வேண்டுமென்றால், 1715-இல் முடிந்து இன்றும் வழிபாடு நடக்கும் புரூட்டன் தேவாலயம், அதே ஆண்டைச் சேர்ந்த எண்கோண வெடிமருந்துக் கிடங்கு, 1771-இல் முடிந்த நீதிமன்றம், ஜார்ஜ் வித்தின் வீடு, பெய்டன் ராண்டால்ஃபின் வீடு ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தின் முகப்பைக் கவனியுங்கள்: முக்கோண முகடு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அதைத் தாங்கத் தூண்களே இருக்காது. 1911-இல் ஒரு தீ விபத்துக்குப் பின் தூண்கள் வைத்திருந்தார்கள். மீட்டெடுத்தவர்கள் அவற்றை அகற்றிவிட்டார்கள்.

பதில்: நிழல்மரம்

செங்கல்சுவர் கூறியவற்றை ஏற்கிறேன். அறிமுகப் படத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது 1957-இல் எடுக்கப்பட்டது. அரை மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக ஓடும். பெருந்தோட்ட உரிமையாளரான ஒரு கற்பனைச் சட்டமன்ற உறுப்பினர், மன்னருக்கு விசுவாசமாக இருந்த நிலையிலிருந்து விடுதலைக்கு ஆதரவாக மாறுவதைக் காட்டுகிறது. காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறாத, வரிசைகள் நீளாத அந்த அரை மணி நேரத்தை இருட்டு அரங்கத்திற்குள் இழப்பது சரியன்று என்பது என் கருத்து. மாலையில் வாகனத்தை எடுக்க எப்படியும் அதே மையத்திற்குத்தான் திரும்ப வேண்டும். அப்போது காட்சி இருந்தால், கால்களை நீட்டி அமர்ந்து பாருங்கள். பகலெல்லாம் நடந்த தெருக்களைத் திரையில் காணும்போது மகளுக்கும் அது நன்றாகப் புரியும்.

மையத்திலிருந்து ஊருக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. நுழைவுச்சீட்டு உள்ளவர்களுக்கான ஷட்டில் பேருந்து ஒன்று, மற்றொன்று நடைபாலம். அந்தப் பாலத்தின் தரையில் சிறு தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டைக் குறிப்பிட்டு, இன்று நாம் இயல்பாகக் கருதும் எது அப்போது இல்லை என்று எழுதியிருப்பார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை, பெண்களுக்கு வாக்குரிமை இல்லாமை, அடிமைமுறை என ஒவ்வொரு அடிக்கும் பின்னோக்கிச் செல்வீர்கள். காலையில் அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் அவ்வழியே நடந்து செல்லுங்கள். ஆளுநர் மாளிகையின் பக்கம் வந்து சேர்வதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். திரும்பும்போது பேருந்தில் வாருங்கள்.

ஆற்றங்கரையான்

இருவருக்கும் மிக்க நன்றி. ஜேம்ஸ்டவுனை விட்டுவிட்டேன். அப்பாவிடம் இரண்டு கேப்பிட்டல்களின் கதையைச் சொன்னதும், அந்தச் செப்புத்தகட்டைப் பற்றி மேலும் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நண்பகல் வெயிலில் அம்மா அமர்வதற்கு ஏற்ற இடம் எது? அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வாழ்க்கையை இந்த ஊர் எந்த அளவுக்குக் காட்டுகிறது? மகளின் பள்ளியில் அண்மையில் அந்தப் பாடம் நடந்ததால் அவள் நிச்சயம் கேட்பாள்.

பதில்: மூன்றாம்மணி

உங்களுடைய இரண்டு ஐயங்களுக்கும் நாசோ தெருவே விடையாக அமைவது ஒரு நல்ல வாய்ப்பு.

விடுதலைப் போருக்குச் சற்று முன்பு இவ்வூரின் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை; அவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். பல பத்தாண்டுகள் இந்த ஊரைப் பார்க்க வந்தவர்கள் இதை அறியாமலேயே திரும்பிச் சென்றிருப்பார்கள். ஏனென்றால் நிமிர்ந்து நின்றவை எல்லாம் கனவான்களின் வீடுகள். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 1760 முதல் 1774 வரை அடிமைச் சிறுவர் சிறுமியருக்கும், அடிமையல்லாத கறுப்பினக் குழந்தைகளுக்கும் கல்வி கற்பித்த பிரே பள்ளியின் கட்டடம், அருகிலிருந்த கல்லூரி வளாகத்தில், பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்ட ஒரு வீட்டிற்குள் மறைந்து கிடந்தது. அதன் மரச்சட்டங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்து, அவை 1759-60 குளிர்காலத்தை ஒட்டி வெட்டப்பட்டவை என்று 2020-இல் உறுதி செய்தார்கள். 2023 பிப்ரவரியில் அந்தப் பழைய பகுதியை முழுதாக வண்டியில் ஏற்றித் தெருக்கள் வழியே பழைய ஊருக்குக் கொண்டுவந்து, பிரான்சிஸ் தெருவும் நாசோ தெருவும் சந்திக்கும் மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் நோக்கம் தூயது என்று நினைத்துவிட வேண்டாம்; அடிமைத்தனத்தை ஏற்றுக்கொள்ளும்படி கற்பிப்பதும் அதன் பாடத்தில் அடங்கியிருந்தது. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை எதை வாசிக்கும் என்பதை எந்தப் பள்ளியாலும் கட்டுப்படுத்த முடியாது அல்லவா! பதினொரு வயதில் இதைப் புரிந்துகொள்வது எளிது.

அதற்கு அருகிலேயே கலை அருங்காட்சியகங்கள் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. குளிரூட்டப்பட்ட கூடங்கள், அமர்வதற்கு இருக்கைகள், உணவருந்தும் இடம் என எல்லாம் உண்டு. நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை அம்மாவை அங்கே இருத்திவிடுங்கள். பழைய நாற்காலிகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பார்ப்பதில் ஆர்வம் உண்டென்றால் அவரே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். அங்கேயே 1773-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனையின் மறுகட்டமைப்பும் இருக்கிறது. மனநோயாளிகளுக்கென்றே தனியாக அமைந்த மருத்துவமனைகளில், பின்னர் அமெரிக்காவான ஆங்கிலேயக் குடியேற்றங்களிலேயே முதலாவது. அங்குள்ள அறைகளைப் பார்ப்பது சற்றுக் கலங்க வைக்கும் என்பதால் மகளை அழைத்துச் செல்வதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெய்டன் ராண்டால்ஃபின் வீட்டை மட்டும் தவறவிடாதீர்கள். முதல் கண்டப் பேராயத்தின் தலைவராக இருந்தவரின் வீடு அது. அதே வளாகத்தில் 27 பேர் அடிமைகளாக வாழ்ந்தார்கள். விடுதலை என்ற சொல்லும் சமையலறைக் கட்டடமும் சில அடி தூரத்தில் இருப்பதை அந்த வீட்டில் நேரில் காணலாம்.

பதில்: செங்கல்சுவர்

நாசோ தெருவை நண்பகலுக்கு வைத்துக்கொண்டால் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. திறந்தவுடன் ஆளுநர் மாளிகைக்குச் செல்லுங்கள். பகல் ஏற ஏற அங்கே வரிசை நீளும். நுழைவுக் கூடத்தின் சுவர்களில் துப்பாக்கிகளையும் வாள்களையும் கோலம் போட்டதுபோல் அடுக்கியிருப்பார்கள். ஆளுநரைக் காண வருபவர்களை அச்சுறுத்துவதற்கான அலங்காரம் அது. அங்கிருந்து பச்சைத் திடலின் மேற்கு ஓரமாக வந்தால் வித்தின் வீடு. ஜெபர்சனுக்குச் சட்டம் கற்பித்தவர் அவர். 1781-இல் யார்க்டவுன் முற்றுகைக்கு முன் வாஷிங்டன் தங்கியதும் அங்கேதான். திடல் முடியும் மூலையில் புரூட்டன் தேவாலயம். அதைக் கடந்து சற்று மேற்கே சென்றால் நாசோ தெரு.

பிற்பகலில் கிழக்கு நோக்கித் திரும்பி, நீதிமன்றம், வெடிமருந்துக் கிடங்கு, ராண்டால்ஃபின் வீடு, அச்சகம் என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கேப்பிட்டலில் முடியுங்கள். வெடிமருந்துக் கிடங்கில் சற்று நின்று பேச வேண்டும். 1775 ஏப்ரல் 20-ஆம் தேதி இரவுக்கும் 21-ஆம் தேதி விடியலுக்கும் இடையே பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோரின் ஆணைப்படி அங்கிருந்த வெடிமருந்தை அகற்றிக்கொண்டு போனார்கள். ஊர் கொதித்தெழுந்ததற்கு அதுவே காரணம். கேப்பிட்டலுக்குப் பின்னால் பழைய சிறை இருக்கிறது. கருந்தாடி என்று அழைக்கப்பட்ட கடற்கொள்ளையனின் ஆட்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்று சொன்னால் மகள் ஓடியே வந்துவிடுவாள்.

கேப்பிட்டலுக்குள் நுழைவதை நான்கு மணிக்குப் பின் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து மணிக்கெல்லாம் பெரும்பாலான கட்டடங்களை மூடிவிடுவார்கள். அங்கிருந்து மையத்திற்குப் பேருந்தில் ஏறிவிடலாம் என்பதால் வந்த வழியே யாரும் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

பதில்: நிழல்மரம்

காலணிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். செங்கல் பாவிய நடைபாதைகள் மேடுபள்ளமாக இருக்கும், பழைய வீடுகளின் வாசற்படிகள் உயரமானவை, மாடிப்படிகள் குறுகலானவை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா என்பதைப் பார்வையாளர் மையத்திலேயே காலையில் கேட்டுவிடுங்கள். ஊருக்குள் சென்றபின் அதைத் தேடுவது சிரமம்.

ஆற்றங்கரையான்

சென்று வந்துவிட்டோம், பின்னால் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். வழியில் நெரிசல் இருந்ததால் மையத்தை அடைந்தபோது மணி ஒன்பதரை. நிரலைப் படித்ததில் கொல்லர் பட்டறை திறந்திருப்பதாகத் தெரிந்தது. அச்சகம் பிற்பகலில்தான் என்பதால் செங்கல்சுவரின் வரிசையை அப்படியே பின்பற்ற முடிந்தது. அம்மா பாலத்தில் நடந்தே வந்தார். தகடுகளை மகள் உரக்கப் படிக்க, ஒவ்வொன்றிலும் நின்றதால் பதினைந்து நிமிடங்கள் முப்பதாயின.

திட்டம் தவறியது ஓரிடத்தில்தான். கொல்லர் பட்டறையில் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், ஒரு நாளைக்கு எத்தனை ஆணிகள், ஒரு வீட்டுக்கு எத்தனை ஆணிகள் என்று கேட்கத் தொடங்க, அக்கால உடையில் இருந்த தொழிலாளர் வேலையை நிறுத்தாமலேயே முக்கால் மணி நேரம் விடை சொன்னார். அதனால் வித்தின் வீட்டை இழந்தோம், வருத்தம் இல்லை. அருங்காட்சியகத்தில் அமர்த்திவிட்டுச் சென்ற அம்மா, நாங்கள் திரும்பியபோது இருக்கையில் இல்லை. துணி நெசவுப் பகுதியில் மேற்பார்வையாளரோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்பா கேப்பிட்டலில் எதிர்பார்த்தபடியே கேட்டார். “இது ஹென்றி பேசிய கட்டடம் அன்றுதானே?” என்றதும் வழிகாட்டி முகம் மலர்ந்து, இரு கட்டடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்கினார். அறிமுகப் படத்தை மாலையில் பார்க்கலாம் என்றிருந்தோம். நாங்கள் வந்து சேர்ந்தபோது கடைசிக் காட்சி முடிந்துவிட்டது. மாலைக்குத் தள்ளிவைப்பவர்கள் கடைசிக் காட்சியின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.